கரண்ட் எழுப்பும் இரவுகள்

பகலில் கரண்ட் வந்தால் எங்கள் தெருப் பிள்ளைகள் "மீ லாபியீ" என்று ஒரே குரலில் கத்துவார்கள். மின்சாரம் வந்துவிட்டது என்பதற்குப் பர்மிய மொழியில் சொல்வது அது. ரங்கூனில் வளரும் தமிழ்க் குழந்தை 'அம்மா'வுக்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொள்வது அதைத்தான் என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இரவு ஒன்றே கால் மணிக்கு வரும்போது கத்துவதற்கு யாரும் இல்லை. அதனால் கூடத்துக் குழல்விளக்கின் சுவிட்சைப் போட்டுவைத்துவிட்டே படுப்போம். வெளிச்சம் முகத்தில் அடித்ததும் எழுந்து, மோட்டாரின் வாயில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றி, சுவிட்சைத் தட்டி, தண்ணீர் ஏறுகிறதா என்று குழாயில் காது வைத்துக் கேட்க வேண்டும். எட்டு வீடுகளுக்கும் கீழே ஒரே தொட்டி, ஆளுக்கொரு மோட்டார். எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்தால் நான்காம் மாடியில் இருக்கும் எங்களுக்கு வெறும் இரைச்சல்தான் மிஞ்சும் என்பதால், முந்திக்கொள்கிறவர்களுக்கே தண்ணீர். மோட்டார் ஓடும்போதே ரைஸ் குக்கரில் மறுநாளைக்கான சோறு, இன்வர்ட்டருக்குச் சார்ஜ், மகனின் சட்டைக்கு இஸ்திரி. படுக்கைக்குத் திரும்பும்போது மணி இரண்டே முக்கால் ஆகியிருக்கும். ஐந்துக்கு அலாரம்.

இது ஒரு நாளைய கதை. எங்கள் வட்டாரத்துக்கு நான்கு மணி நேரம் கரண்ட் வந்தால் பிறகு எட்டு மணி நேரம் இருக்காது. எந்த நான்கு மணி நேரம் என்பது நாளுக்கு நாள் மாறும். அணைகளில் நீர் வற்றும் கோடையில் அந்த அட்டவணையையும் நம்ப முடியாது. இரவு ஒன்பதுக்கு வருகிற நாளில் வேலைகளை முடித்துக்கொண்டு ஒரு மணிக்குப் படுப்போம். விடியற்காலையில் வருகிற நாளில் எட்டரைக்கே இருட்டில் படுத்துவிடுவோம். இப்படி மூன்று ஆண்டுகள் ஓடின. மணி நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு வாரத்துக்கு நாங்கள் தூங்கியது அப்படியொன்றும் குறைவில்லை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டிப் பார்ப்பது என் தொழில். பயின்னவுங் சந்தையில் ஒரு பருப்புத் தரகு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். இந்த நாட்டு உளுந்தும் துவரையும் கப்பலேறி இந்தியாவுக்குப் போகும் வழியில், மூட்டைக் கணக்காக என் பேரேட்டின் வழியாகவும் போகின்றன. சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒரு நாள் 1,620 மூட்டை உளுந்தை 1,260 என்று எழுதிவிட்டேன். மனிதர் கை தவறுவது புதிதில்லை. என்னைக் கலங்கவைத்தது வேறு: அன்று மாலை வழக்கம்போல் இரண்டு முறை சரிபார்த்தேன், இரண்டு முறையும் 1,260 எனக்குச் சரியாகவே பட்டது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, "உடம்பு சரியில்லையாம்மா?" என்று மட்டும் கேட்டார். சரியாகத்தான் இருக்கிறது என்றேன். அப்படித்தான் நம்பினேன்.

2003இல் அமெரிக்காவில் வான் டோங்கனும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று என் பதிலுக்கு விளக்கம் சொல்கிறது. ஆரோக்கியமான 48 பேரைப் பிரித்து, ஒரு பிரிவை 14 நாள்கள் இரவுக்கு ஆறு மணி நேரமும், இன்னொரு பிரிவை நான்கு மணி நேரமும், வேறொரு பிரிவை எட்டு மணி நேரமும் படுக்கவிட்டு, பகலில் அவர்களுடைய கவனத்தைச் சோதித்தார்கள். ஆறு மணி நேரக்காரர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்து, இரண்டு வார முடிவில் இரவு முழுக்கக் கண்விழித்தவர்களின் நிலைக்கு இறங்கியிருந்தது. ஆனால் 'எவ்வளவு தூக்கமாக இருக்கிறது' என்று கேட்டபோது, முதல் சில நாள்களுக்குப் பிறகு அவர்களுடைய பதில் பெரிதாக மாறவே இல்லை. தேய்மானம் நடந்துகொண்டிருக்கிறது, தேய்கிறவருக்கு அது தெரியவில்லை. கடனைப் பதியாமலே விட்டுவிட்ட பேரேடு எப்போதும் சரியாகத்தான் கூட்டும்.

உறக்கம் ஒரே சீராக இருப்பதில்லை. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக வந்துபோகிறது. முன்னிரவுச் சுற்றுகளில் ஆழ்ந்த உறக்கம் மிகுதி. வளர்ச்சி ஹார்மோன் பெருமளவில் சுரப்பதும், இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் தாழ்வதும் அப்போதுதான். விடியலை நெருங்கும் சுற்றுகளில் கண்மணிகள் மூடிய இமைக்குள் அசைந்தோடும் கனவுத் தூக்கம் மிகுதி. சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953இல் கண்டு எழுதியது அதைத்தான். ஒன்றே கால் மணிக்கு எழுந்திருக்கிறவளுக்கு முதல் வகை பாதியில் அறுபடுகிறது; ஐந்து மணி அலாரம் இரண்டாவதை அறுக்கிறது. இடையில் கிடைப்பவை துண்டுகள். நாலரை முழம் வேட்டிக்குப் பதிலாக அதே நீளத்துக்குக் கிழிசல்களைக் கொடுத்தால் கட்டிக்கொள்ள முடியுமா?

இதைச் சொன்னபோது படித்த உறவினர் ஒருவர், பழங்காலத்தில் மனிதர்கள் இரவை இரண்டாகப் பிரித்துத்தான் தூங்கினார்கள், நடுவில் எழுவது இயற்கையே என்று வாதாடினார். ரோஜர் எகிர்ச் என்ற வரலாற்றாசிரியர் ஐரோப்பியப் பழைய ஆவணங்களில் 'முதல் தூக்கம்', 'இரண்டாம் தூக்கம்' என்ற பேச்சை ஏராளமாகத் தேடி எடுத்திருப்பது உண்மைதான். ஆனால் தானாக விழித்து இருட்டில் படுத்தபடி எதையோ யோசித்துவிட்டு மீண்டும் கண்ணயர்வதும், குழல்விளக்கின் வெளிச்சத்தில் மோட்டாரோடு மல்லுக்கட்டுவதும் ஒன்றாகிவிடாது. மின்சாரமே இல்லாமல் வாழும் தான்சானிய ஹட்ஸா மக்களிலும் வேறு இரு பழங்குடிகளிலும் 2015இல் அளந்து பார்த்தபோது, அவர்கள் இரவுக்கு 5.7 முதல் 7.1 மணி நேரம்தான் தூங்கினார்கள். பெரும்பாலும் ஒரே நீட்டாகவே தூங்கினார்கள். விளக்கில்லாத காலத்தில் நம் பாட்டன்மார் பத்து மணி நேரம் உறங்கினார்கள் என்ற பெருமைக்கும் அந்த ஆய்வில் இடமில்லை.

வெளிச்சத்தின் பங்கைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இரு கண்களின் நரம்புகளும் குறுக்கே கடக்கும் இடத்துக்கு மேலே, மூளையில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கொத்து இருக்கிறது. உடம்பின் நாழிகை வட்டில் அதுதான். அதன் சொந்தச் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளமானது என்பதால், அதை ஒவ்வொரு நாளும் காலை வெளிச்சம் திருத்திவைக்கிறது. அந்தக் கடிகாரம் உயிரணுவுக்குள் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களில் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. நள்ளிரவுக்குப் பின் முகத்தில் அடிக்கும் குழல்விளக்கு, இரவின் அடையாளமான மெலடோனினை அடக்குவதோடு, அந்தக் கடிகாரத்தைப் பின்னுக்கும் தள்ளுகிறது. 'இன்னும் மாலைதான்' என்று அதனிடம் பொய் சொல்வதற்குச் சமம் அது. அடுத்த நாள் இருட்டில் எட்டரைக்கே படுத்தால் அது எப்படி ஒத்துழைக்கும்? நாங்கள் ரங்கூனை விட்டு ஒரு அடி நகராமலே, வாரம் இரு முறை கடல் கடந்து வந்தவர்களைப் போல நடமாடிக்கொண்டிருந்தோம்.

இந்த ஒழுங்கீனத்தின் விலை எவ்வளவு என்பதை, பிரிட்டனில் 60,977 பேர் மணிக்கட்டில் ஒரு வாரம் கட்டியிருந்த கருவிகளின் பதிவுகளை வைத்து ஆராய்ந்து 2024இல் வெளியிட்டார்கள். ஒருவர் இன்று இந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தால் நாளையும் இதே நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பாரா என்பதுதான் அவர்களுடைய அளவுகோல். மிகவும் ஒழுங்கற்ற ஐந்திலொரு பகுதியினரோடு ஒப்பிட்டால், மற்றவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு 20 முதல் 48 சதவீதம் குறைவாக இருந்தது. அதைவிட முக்கியமாக எனக்குப் பட்டது, எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதைவிட எவ்வளவு ஒழுங்காகத் தூங்கினார் என்பதே ஆயுளை நன்றாகச் சுட்டிக்காட்டியது என்ற முடிவு. நோயாளிகளின் தூக்கம் இயல்பாகவே தாறுமாறாக இருக்கும் என்பதால் எது காரணம், எது விளைவு என்று இத்தகைய ஆய்வால் அறுதியிட முடியாது. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவர்கள் 2015இல் சொன்ன அறிவுரையும் அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் வாராந்தரக் கூட்டுத்தொகையைப் பார்த்து நான் அடைந்த நிம்மதி அதோடு போயிற்று.

என் அப்பாவை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. பசுண்டாங் கால்வாயோரம் ஓர் அரிசிக் கிடங்கில் 22 ஆண்டுகள் காவல் வேலை; ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. இரவு வாரங்களில் நாங்கள் பகல் முழுவதும் கிசுகிசுத்துத்தான் பேசுவோம். அம்மா ஜன்னலுக்குச் சாக்கு கட்டுவாள். அப்போதும் பிற்பகல் இரண்டுக்கெல்லாம் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். 57 வயதில் பக்கவாதம் வந்து போய்விட்டார். அவர் சுருட்டும் பிடித்தார், கருவாட்டு உப்பும் விடமாட்டார்; ஒருவருடைய சாவை ஒரே காரணத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனால் ஆரோக்கியமானவருக்கு உறக்கத்தில் இரத்த அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும், அந்த இறக்கம்தான் இரத்தக் குழாய்களுக்குக் கிடைக்கும் ஓய்வு என்று படித்தபோது, சாக்குக் கட்டிய அந்த ஜன்னல்தான் கண்முன் வந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007இலேயே இரவுமுறை வேலையைப் அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்று பொருள்படும் '2ஏ' என்ற வகையில் சேர்த்து, 2019இல் அதை உறுதியும் செய்தது. அப்பாவுக்கு அந்தக் காலத்தில் கிடைத்தது இரவுப்படி மட்டும்.

அம்மாவுக்கு இப்போது 79. எட்டரைக்குப் படுத்து நான்குக்கு எழுகிறாள், கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும். வாசலில் இட்லிக் கடை போட்ட காலத்தில் ஏற்பட்ட பழக்கம், கடை போய்ப் பதினைந்து ஆண்டுகள் ஆகியும் போகவில்லை. நாங்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு அல்லாடிய இரவுகளில் அவள் முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாள். கடிகாரம் பற்றிய ஆய்வு எதையும் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

தேநீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூளையில் விழித்திருக்கும் நேரமெல்லாம் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போய்த் தூக்கத்தை வரவழைக்கிறது. காஃபின் அதன் இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. உடம்பில் பாதி குறையவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். நம்மவர்கள் தேநீர்க் கடையைக் குறைத்துக்கொள்வார்கள், ஆனால் லபெத்தோவைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ஊறவைத்த தேயிலையைத் தின்றாலும் காஃபின் காஃபின்தான். தேர்வுக் காலத்தில் பிள்ளைகள் கண்விழிக்க அதைத் தின்பது இந்த ஊர் வழக்கம்; என் தம்பி பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முதல் நாள் ஒரு தட்டு தின்றுவிட்டு விடிய விடிய விழித்திருந்து, தேர்வுத் தாளின் மேல் தலைசாய்த்தான். நான் இப்போது பகல் இரண்டு மணிக்கு மேல் அதைத் தொடுவதில்லை.

வெக்கையைப் பற்றி என்ன சொல்ல! 'பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது' என்பார்கள். அதைச் சொன்னவர் ரங்கூனில் சித்திரை மாதத்தில் மின்விசிறி இல்லாமல் நான்காம் மாடியில் படுத்திருக்க மாட்டார். 2024 ஏப்ரல் 28 அன்று மகுவே வட்டாரத்துச் சௌக் நகரத்தில் 48.2 டிகிரி பதிவானது. உறக்கம் வருவதற்கு உடம்பின் உள்வெப்பம் சிறிது இறங்க வேண்டும். கை கால்களின் வழியாக அது வெளியேற வேண்டும். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்தால் தோலுக்கு இரத்தம் பாய்ந்து அந்த வெப்பம் சீக்கிரம் வெளியேறுகிறது. சித்திரையில் தண்ணீரைச் சூடாக்கும் வேலையும் எங்களுக்கு இல்லை. மொட்டைமாடித் தொட்டியை வெயிலே பார்த்துக்கொள்கிறது.

நேரம் இருந்தும், இருட்டு இருந்தும் தூக்கம் தூக்கமாக இல்லாமல் போவது உண்டு. மண்டலையில் இருக்கும் என் சின்னம்மா மகள் 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு குடும்பத்தோடு பல வாரங்கள் தெருவில் பாய் விரித்துப் படுத்தாள். வீட்டுக்குள் திரும்பிய பின்னும் லாரி போனால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாளாம். புதிய இடத்தில் முதல் இரவு தூங்குகிறவரின் மூளையில் ஒரு பாதி மற்றதைவிட இலேசாக உறங்கிக் காவல் இருக்கிறது என்று 2016இல் காட்டியிருக்கிறார்கள். அவளுக்கு எத்தனை முதல் இரவுகளோ.

என் வீட்டில் பிரச்சினை குறட்டை. என் கணவர் சரக்கு வேன் ஓட்டுகிறார். இருபது ஆண்டுகளாக அவர் குறட்டை விட்டால் 'அசந்து தூங்குகிறார்' என்றே எண்ணியிருந்தேன். அது தவறு என்று ஒருவரும் சொல்லவில்லை. மோட்டார் போட்டுவிட்டு வந்து தூக்கம் வராமல் கிடந்த ஓர் இரவில்தான் கவனித்தேன்: குறட்டை ஏறி, ஏறி, சட்டென்று நின்றுவிடும். வீடே அமைதியாகிவிடும். நான் இருட்டில் எண்ணத் தொடங்குவேன். ஒன்று, இரண்டு, மூன்று... பதினான்கு, பதினைந்து வரை போய், பிறகு தண்ணீருக்குள்ளிருந்து தலை தூக்குகிறவரைப் போல ஒரு பெருமூச்சோடு மீண்டும் தொடங்கும். காலையில் கேட்டால் அவருக்கு எதுவுமே தெரியாது. ஹ்லெடான் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றவர் பச்சை விழுந்தும் ஸ்டீயரிங்கின் மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்ததாக உடன் போன பையன் வந்து சொன்ன பிறகுதான் மருத்துவரிடம் போக ஒப்புக்கொண்டார்.

தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைபடுவதே இது. பத்து விநாடி அல்லது அதற்கு மேல் நின்றால் ஒன்று என்று எண்ணுகிறார்கள். மணிக்கு முப்பதைத் தாண்டினால் கடுமை. அவருக்கு 34. ஒவ்வொரு முறையும் இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை பதறி ஒரு கணம் எழுப்பிவிட, இதயம் படபடக்கிறது. எட்டு மணி நேரம் படுத்திருந்தும் அந்த மனிதர் தூங்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் செலவில்லாத வைத்தியம் ஒன்றைச் செய்தேன். மல்லாந்து படுத்தால் அதிகமாகும் என்பதால் பனியனின் முதுகில் ஒரு டென்னிஸ் பந்தை வைத்துத் தைத்தேன். மூன்றாம் நாள் பந்தின் மேலேயே மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டார்.

மூக்கில் முகமூடி கட்டி, காற்றைச் சீரான அழுத்தத்தில் செலுத்தி மூச்சுவழியைத் திறந்தே வைக்கும் எந்திரத்தைச் சிட்னியில் காலின் சல்லிவன் 1981இல் உலகுக்குத் தந்தார். அது கரண்டில் ஓடுவது. 2,717 நோயாளிகளைச் சேர்த்து நடத்தி 2016இல் வெளியிட்ட ஒரு பெரிய சோதனையில் இந்த எந்திரம் மாரடைப்பையோ பக்கவாதத்தையோ குறைக்கவில்லை என்று வந்தது. பகல் தூக்கமும் குறட்டையும் குறைந்தன, மனநிலை தேறியது. ஆனால் அவர்கள் அதைச் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான் அணிந்திருந்தார்கள். கரண்ட் இருக்கும் நான்கு மணி நேரத்தை நம்பினால் நாங்களும் ஏறக்குறைய அங்கேதான் நிற்போம்.

அதனால் வீட்டின் கணக்கை மாற்றி எழுதினோம். இன்வர்ட்டரின் முதல் உரிமை எந்திரத்துக்கு, மின்விசிறிக்கு மிச்சம். இருநூறு லிட்டர் நீலப் பீப்பாய் இரண்டு வாங்கினோம். பகலில் கரண்ட் வரும்போது அம்மாவே மோட்டாரைப் போட்டு நிரப்பிவிடுகிறாள். பழைய கட்டடம் என்பதால் இரண்டையும் ஒரே மூலையில் வைக்காமல் சுவரோரம் எதிரெதிராக வையுங்கள் என்று கொத்தனார் சொன்னார். கூடத்துக் குழல்விளக்கின் சுவிட்ச் இப்போது அணைந்தே இருக்கிறது. பகலில் கரண்ட் வராமல் பீப்பாய் காய்ந்துபோகும் நாள்களில் மகனும் நானும் முறைவைத்து எழுகிறோம். ஒருவருக்கு வாரத்தில் ஓர் இரவுக்கு மேல் வருவதில்லை. பத்து மணிக்குப் படுக்கை. எப்படிப்பட்ட இரவானாலும் ஐந்துக்கு எழுவதை மாற்றுவதில்லை. ஈடு செய்ய வேண்டுமென்றால் மண்டியில் பகல் சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிடம் மேசையில் தலைசாய்ப்பேன். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த உறக்கத்தில் விழுந்து, எழும்போது தலை மந்தமாகிவிடுகிறது.

கணக்கில் தவறே வருவதில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தால் இரண்டாம் முறை சரிபார்க்கும்போது என் கண்ணிலேயே படுகிறது. கணவர் சந்தியில் தூங்குவதில்லை. முகமூடியின் வார் கன்னத்தில் பதித்த கோட்டோடு வேனை எடுக்கிறார்.

கீழ்வீட்டுப் பர்மிய அம்மாளுக்கு மட்டும் எங்கள் மேல் குறை. "அமா (அக்கா), ராத்திரி நீங்கள் எழுந்து விளக்குப் போட்டால்தான் எனக்கு விழிப்பு வரும், இப்போது தண்ணீர் பிடிக்காமல் போய்விடுகிறது" என்றார். அவருக்கும் பீப்பாய்க் கடையின் விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன்.

நேற்றிரவும் ஒன்றே கால் மணிக்குக் கரண்ட் வந்தது. மின்விசிறி வேகம் பிடித்ததில் பாதி விழிப்பு. யாருடைய மோட்டாரோ உறுமியது. யார் வீட்டிலோ குக்கர் மூடி விழுந்தது. பக்கத்தில் எந்திரத்தின் குழாய் மெல்ல மூச்சு இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் எண்ணத் தொடங்கினேன், இந்த முறை நின்றுபோன விநாடிகளை அல்ல, வந்துகொண்டிருந்த மூச்சுகளை. பதினொன்று வரை எண்ணியது நினைவிருக்கிறது.